தூண்டில் கோலுக்கு நூல் சுற்றுவது எப்படி?

கொல்கத்தாவுக்குக் குடிவந்த நம்மில் சிலரை வங்காளிகளின் தூண்டில் மோகமும் தொற்றிக்கொண்டது. சீட்டு வாங்கிக்கொண்டு நாள் முழுதும் குளக்கரையில் உட்காருபவர்களில் அடியேனும் ஒருவன். ஒரு முறை நல்ல ரோகு மாட்டி இழுத்தபோது, கோலின் நடு வளையம் கழன்று நரம்போடு ஓடியது. மீனும் போயிற்று. "அந்த வளையத்தை நீங்கதானே கட்டினீங்க, அப்பா?" என்றான் மகன். தையல் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டது நான்தான்! பிறகு முறையாகக் கற்றதை இங்கே தருகிறேன்.

வளையத்தைக் கோலில் பிடித்து நிறுத்துவது நூல்தான். மேற்பூச்சு அந்த நூலைக் காக்கிறது. மூங்கில் கோல் காலத்தில் பட்டு நூலும் வார்னிஷும் இருந்தன. இன்றைய கண்ணாடி இழை, கார்பன் கோல்களுக்குப் பெரும்பாலும் நைலான் நூலும் எபாக்ஸியும். மெல்லிய கோலுக்கு 'ஏ' அளவு நூல். கனத்த கோலுக்குப் பருமனான 'டி' அளவு.

1. வளையத்தின் கால் நுனியை அரத்தால் சரிவாக அராவுங்கள். நுனி தடித்திருந்தால் நூல் ஏறாமல் இடைவெளி விழும். கூர்மையாக இருந்தால் கோலைக் கீறும்.

2. ஒரு காலை ஒட்டுநாடாவால் நிறுத்தி, மற்றக் காலில் தொடங்குங்கள். நூற்கண்டை ஒரு கோப்பையில் இட்டு, நூலைத் தடித்த புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே விட்டு இழுத்தால் ஒரே சீரான இறுக்கம் கிடைக்கும்.

3. கால் நுனிக்குச் சற்று வெளியே, கோலின் மீது தொடங்குங்கள். நூல் முனையின் மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றினால் அது பூட்டிக்கொள்ளும். முடிச்சு வேண்டாம். மிஞ்சிய முனையை நறுக்கிவிட்டு, கோலை உருட்டியபடி வளையத்தை நோக்கிச் செல்லுங்கள். பம்பரத்தில் சாட்டை சுற்றுவதுபோல ஒன்றையொன்று தொட்டபடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வர வேண்டும்.

4. கடைசி ஆறேழு சுற்று இருக்கும்போது, மடித்த தனி நூலொன்றை அதன் கண்ணி முன்னே நீட்டியிருக்கும்படி வைத்து, அதன்மேல் சுற்றி முடியுங்கள். சுற்றிய நூலை வெட்டி அதன் முனையைக் கண்ணியில் நுழைத்து, தனி நூலின் வால்களைப் பின்னுக்கு இழுத்தால் முனை சுற்றுகளுக்கடியில் புகுந்துவிடும். மிச்சத்தைப் பிளேடால் நறுக்குங்கள், அடிச்சுற்றை வெட்டிவிடாதீர்கள்.

5. எல்லா வளையங்களும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்று கோலின் அடியிலிருந்து பாருங்கள். விரலால் அழுத்தினால் சற்றே நகரும் அளவு இறுக்கமே சரி.

6. எபாக்ஸியை உறையில் சொன்ன அளவில் கலந்து மெல்லியதாகப் பூசுங்கள். கெட்டியாகும்வரை கோலைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கமாக வழிந்து நிற்கும். ஈரக்காற்றில் பூச்சு வெளிறிப்போகலாம். மழைக்காலம் கழித்துச் செய்வது நல்லது.

சென்ற குளிர்காலத்தில் அதே கோலுக்கு மகனும் நானும் புதிதாகக் கட்டினோம். நடு வளையம் அவன் கைவேலை. இன்றுவரை அசையவில்லை.