கோலத்துக்கு ஒரு தூரிகை: கணினியில் நாமே செய்துகொள்ளும் முறை

மட்டாஞ்சேரி அரண்மனையைப் பார்க்காத நம்மவர் இருக்கமாட்டார்கள். ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் முதலில் அழைத்துப் போகும் இடம் அதுதானே! போர்த்துக்கீசியர் 1555ல் கட்டிக் கொடுத்து, 1663ல் டச்சுக்காரர் புதுப்பித்த கட்டடம் அது. பள்ளியறைச் சுவர் முழுக்க இராமாயணக் காட்சிகள். இந்தச் சுவரோவிய மரபில், ஐயம்புல் என்னும் புல்லை எடுத்து ஓவியர் தம் தூரிகையைத் தாமே கட்டிக்கொள்வது வழக்கம். எந்தக் கோடு வேண்டுமோ அதற்கேற்ற தூரிகை. கணினியில் படம் திருத்தும் மென்பொருளிலும் இதே வசதி உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இதை எழுதக் காரணம் நம் வீட்டுக் கோல நோட்டுப் புத்தகங்கள். மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த பெண்மணிகள் கல்யாணப் புடவையோடு கொண்டுவந்தவை. மட்டாஞ்சேரியின் உப்புக் காற்றும் ஆறு மாத மழையும் அவற்றை விட்டுவைக்கவில்லை. பூசணம் பிடித்துத் தாள் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் மை கூடவே வருகிறது. அடுக்குமாடிக்குப் போனவர்களுக்கு வாசலும் இல்லை. பேத்திக்குக் கோலம் போட வராது, பாட்டிக்குக் குனிய முடியாது. அந்தக் கையெழுத்து (கோலமும் ஒரு கையெழுத்துதான்) நோட்டோடு போய்விடக்கூடாது அல்லவா?

முதலில் தத்துவத்தைப் புரிந்துகொள்வோம். கணினித் தூரிகை உண்மையில் தூரிகையே அல்ல, ரப்பர் முத்திரை. சுட்டியை இழுக்கும்போது அந்த முத்திரையை வரிசையாகக் குத்திக்கொண்டே போகிறது. மிக நெருக்கமாகக் குத்துவதால் கோடு போலத் தெரிகிறது. எத்தனை தூரத்துக்கு ஒரு குத்து என்பதை ஸ்பேசிங் என்ற அளவு தீர்மானிக்கும். இருப்புப் பாதையில் ஸ்லீப்பர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பிரதானப் பாதையில் கிலோமீட்டருக்கு 1660 ஸ்லீப்பர் என்றால் இடைவெளி சுமார் 60 சென்டிமீட்டர். தூரிகையில் இந்தக் கணக்கு சதவீதத்தில் வரும். 10 சதவீதம் என்றால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோடாகும். 100 சதவீதம் என்றால் ஒட்டி ஒட்டி நிற்கும்.

கிம்ப் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 1995ல் இரண்டு அமெரிக்க மாணவர்கள் தொடங்கியது, இலவசம். கேரளப் பாடத்திட்டத்தில் படித்த நம் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே அறிமுகமானது. எனவே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

முதல் பயிற்சி, புள்ளி. 200 பிக்சல் நீளம், 200 பிக்சல் அகலத்தில் வெள்ளைப் படம் ஒன்று திறந்து, சரியாக நடுவில் 40 பிக்சல் குறுக்களவுள்ள கறுப்பு வட்டம் போடுங்கள். இமேஜ், மோட், கிரேஸ்கேல் என்று மாற்றுங்கள். இது முக்கியம். கறுப்பு வெள்ளையாக இருந்தால்தான் பிறகு நாம் தேர்ந்தெடுக்கும் நிறத்தில் தூரிகை எழுதும். கறுப்பு மை விழும் இடம், வெள்ளை விழாத இடம், சாம்பல் நிறம் அரைகுறையாக விழும் இடம். தரையில் மாவு வெள்ளையாக இருக்கிறதே என்று வெள்ளையில் வரைந்தால் ஒன்றும் வராது! லேயர் பட்டியலில் டிரான்ஸ்பரன்சி சென்று ஆல்ஃபா சேனலை நீக்கிவிட்டு, எக்ஸ்போர்ட் மூலம் ஜிபிஆர் என்ற வால்பெயருடன் சேமியுங்கள். எந்த போல்டரில் வைப்பது என்பதை எடிட், பிரிபரன்ஸஸ், போல்டர்ஸ், பிரஷஸ் என்ற இடம் காட்டும். தூரிகைப் பெட்டியில் ரிஃப்ரெஷ் அழுத்தினால் உங்கள் புள்ளி வந்து நிற்கும்.

ஸ்பேசிங்கை 100 ஆக்கி, அளவை 200 ஆக்கி, டைனமிக்ஸ் ஆஃப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஓரிடத்தில் கிளிக் செய்து, ஷிப்ட் பொத்தானை அழுத்தியபடி 1200 பிக்சல் தள்ளி மறு கிளிக். 7 புள்ளிகள் வரிசையாக விழும். 7 புள்ளிக்கு இடைவெளி 6 என்பதைக் கவனிக்கவும். கம்பி வேலிக்குக் கல் நட்டவர்களிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

7 புள்ளி, இடுக்குப் புள்ளி 4 வரை என்றால் 4, 5, 6, 7, 6, 5, 4 ஆக 37 புள்ளிகள். அடுத்த வரிசையை 100 பிக்சல் பக்கவாட்டில் நகர்த்துங்கள். கீழே எவ்வளவு இறக்குவது? 200 இறக்கினால் கோலம் நீண்டு அசிங்கமாகிவிடும். சமபக்க முக்கோணத்தின் உயரம் பக்கத்தில் 0.866 பங்கு, ஆகவே 173 பிக்சல். நம் அம்மாக்கள் இந்தப் பெருக்கலைக் கண்ணாலேயே போட்டார்கள்.

இரண்டாவது பயிற்சிதான் உண்மையான வேலை. நோட்டிலுள்ள கோலத்தை, அல்லது பாட்டியைப் புதுத்தாளில் கறுப்புப் பேனாவால் போடச் சொல்லி, அதை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். 6 அங்குலக் கோலம் 1800 பிக்சல் வரும். பெரிதாகவே செய்துகொள்ளுங்கள். பெரியதைச் சுருக்கலாம், சிறியதைப் பெருக்கினால் மங்கிவிடும். கிரேஸ்கேல் ஆக்கியபின் கலர்ஸ், லெவல்ஸ் சென்று, தாளின் பழுப்பு மறைந்து வெள்ளையாகும்வரை வலது முனையையும், மை நன்றாகக் கறுக்கும்வரை இடது முனையையும் உள்ளே நகர்த்துங்கள். பூசணப் பொட்டுகளை மட்டும் வெள்ளையால் அழியுங்கள். கோடு நடுங்கியிருந்தால் அதைத் தொடவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நேராக்கிய கோலம் வேண்டுமென்றால் கடைகளில் ஸ்டிக்கராகவே கிடைக்கிறதே. பிறகு முன்போலவே ஜிபிஆர்.

அந்தக் கோலத்தில் ஒரு தாமரையை மட்டும் வெட்டித் தனித் தூரிகையாக்கி, சிறிதாக்கி, ஸ்பேசிங் 100 வைத்து இழுத்தால் பொங்கல் அழைப்பிதழுக்குக் கரை தயார். பக்கவாட்டுக் கரைக்கு ஆங்கிளை 90 ஆக்கினால் தாமரை திரும்பி நிற்கும். காவி நிறப் பின்னணியில் வெள்ளை நிறம் தேர்ந்து எழுதினால் செம்மண் இட்ட வாசல்போலவே இருக்கும்.

போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் குறைவு. கோலத்தைத் தேர்ந்தெடுத்து எடிட், டிஃபைன் பிரஷ் பிரீசெட் என்றால் முடிந்தது. 2500 பிக்சலுக்குமேல் போகாமல் பார்த்துக்கொள்ளவும்.

சேமிக்கும்போது ‘பிரஷ் 1’ என்று பெயரிடாதீர்கள். போட்டவர் பெயர், ஊர், ஆண்டு மூன்றும் இருக்கட்டும். ஸ்கேன் செய்த மூலப் படத்தையும் தூரிகையோடு சேர்த்து வைத்து, வெளியூரிலிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.