மாவாலையில் பட்டையின் இறுக்கம்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரச் சிற்றூர்களில் கேழ்வரகு அரைக்கும் ஆலைகளில், மோட்டாரின் விசையை அரைக்கும் கல்லுக்குக் கொண்டு செல்வது பட்டையே. அது தளர்ந்தால் வழுக்கிச் சூடேறும், மின்சாரமும் வீணாகும். அளவுக்கு மீறி இறுக்கினாலோ பேரிங்குகள் விரைவில் கெடும். பின்னதே கூடுதற் செலவு. ஆயினும் பலர் செய்வது அதுவே.

சோதிக்குமுன் மின்சாரத்தை நிறுத்திப் பியூசுகளையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்க. வி வடிவப் பட்டையாயின், இரு கப்பிகளுக்கும் நடுவே விரலால் மிதமாக அழுத்துக. இடைவெளி 1 மீட்டராயின் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் தாழலாம். மிகுதியாகத் தாழ்ந்தால் மோட்டாரின் அடிப்போல்ட்டுகளைத் தளர்த்திப் பின்னே நகர்த்துக. கப்பிகள் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்த பின்னரே முடுக்குக. புதுப் பட்டை சற்று நீளுமாதலின் 2 நாள் ஓடியபின் மறுபடியும் பார்த்தல் வேண்டும். குங்கிலியம் தூவுதல் வீண் வேலை.

ஊராட்சி உறுப்பினர்கள் ஆலைக்குச் செல்லுங்கால், பட்டையைச் சுற்றிக் கம்பிவலைத் தடுப்பு உளதா என்று முதலில் நோக்குவாராக. மாவுக்குக் காத்து நிற்கும் பெண்டிரின் சேலைத் தலைப்பு சிக்கக் கணப்பொழுது போதும்.