இல்லாததைச் சொல்லும் இலக்கணம்

"அவன் சீஃப் இன்ஜினியர் மாதிரி பேசுறான்" என்கிறோம். நிஜமாகவே சீஃப் இன்ஜினியரா, இல்லை சும்மா அலட்டலா? தமிழில் தொனி காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தில் வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும்.

'ஆஸ் இஃப்', 'ஆஸ் தோ' இரண்டுக்கும் ஒரே பொருள்தான். பின்னால் வரும் வினையைக் கவனியுங்கள்.

'ஹி டாக்ஸ் ஆஸ் இஃப் ஹி வேர் தி சீஃப் இன்ஜினியர்.' பேச்சு இன்றைக்கு. 'வேர்' இறந்தகால வடிவம். இங்கே அது நேற்றைச் சொல்லவில்லை, "உண்மையில் அவன் அப்படி இல்லை" என்கிறது. பேச்சு வழக்கில் 'வாஸ்' என்பதும் உண்டு. நடக்காததை நடந்தது போலச் சொல்ல 'ஹேட்': 'ஆஸ் இஃப் ஹி ஹேட் சீன் எ கோஸ்ட்.'

உண்மையாக இருக்கக்கூடும் என்றால் நிகழ்காலமே: 'தி மோட்டார் சவுண்ட்ஸ் ஆஸ் இஃப் தி பேரிங் இஸ் வோர்ன்.' 'இஸ்' என்றால் பேரிங்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். 'வேர்' என்றால், "பேரிங் நல்லாத்தான் இருக்கு, சத்தம்தான் அப்படி" என்று விட்டுவிடக்கூடும்!

நாளைக்கு லாக் புக் எழுதப்போகிறவர்கள் நாம். பேனா எடுக்கும்போது நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: நிஜமா, பாவனையா? பாவனை என்றால் வினையை ஒரு காலம் பின்னால் தள்ளுங்கள். அவ்வளவுதான் சூத்திரம்!