கைத்தொலைபேசியில் தமிழெழுத்து: செயலி இயற்றுவோர்க்குச் சில குறிப்புகள்

கற்பிட்டிக் குடாநாட்டில், ஒருபுறம் இந்து சமுத்திரமும் மறுபுறம் புத்தளக் களப்பும் அமையக் கிடப்பது மாம்புரிக் கரை. தென்மேற் பருவக்காற்று வீசும் மாதங்களில் இக்கரையின் காற்று எத்துணை வலியது என்பதை, 2010ஆம் ஆண்டு முதல் ஈண்டுச் சுழன்று மின் விளைக்கும் காற்றாலைகளே சொல்லும். அக்காற்றைக் கருதியே, தோணியை இறக்குவதா கரையில் நிறுத்துவதா என்று மீனவர் முடிவு செய்கின்றனர். வானத்தையும் அலையையும் பார்த்து முடிவு செய்தவர் இன்று கைத்தொலைபேசியையும் பார்க்கின்றனர். ஆதலின், அக்கருவிக்கு வரும் தமிழ்ச் செய்தி ஓரெழுத்தும் குறையாது சேர்தல் வேண்டும். அதற்குச் செயலி இயற்றுவோர் கைக்கொள்ள வேண்டிய முறைகள் சிலவற்றை, இத்துறையிற் புகவிருக்கும் நம் மாணவர்க்குப் பயன்படுமாறு இங்கு எடுத்துரைப்போம்.

எடுத்துக்காட்டாக ஓர் எச்சரிக்கையைக் கொள்வோம்: “மாலை 4 மணிக்குப்பின் காற்று வலுக்கும், கடலுக்குச் செல்ல வேண்டாம்”. இதில் நாம் கண்ணால் எண்ணும் எழுத்துகள், இடைவெளியும் குறியும் உட்பட, 39. செயலியை இயற்றியவர் திரையின் அளவைக் கருதி, அறிவிப்பு 60 எழுத்துக்கு மேற்படலாகாது என்று வரம்பிட்டார் என்க. முப்பத்தொன்பது அறுபதுக்குள் அடங்குவதன்றோ? ஆயினும் மீனவர் திரையில், “கடலுக்குச் செல்ல வேண்” என்ற அளவில் செய்தி நின்றுவிடும். எஞ்சியது ‘டும்’ என்பதா, ‘டாம்’ என்பதா? ஏவலையும் விலக்கையும் வாக்கியத்தின் ஈற்றில் வைப்பது தமிழின் இயல்பு. எனவே, வால் அறுந்தால் நம் மொழியிற் பொருளே அறுந்துவிடுகின்றது.

இது நேர்வது ஏன்? நம் இலக்கணம் ‘க்’ என்னும் மெய்யை முதலாகக் கொண்டு, அதனோடு அகர உயிர் சேர்ந்தால் ‘க’ ஆம் என்று கூறும். ஒருங்குறி என்னும் உலகப் பொதுக் குறியீட்டு முறையோ இதனைத் தலைகீழாகக் கொள்கின்றது. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் ‘க’ என்பதே முதற் குறி, ‘க்’ என்பது ‘க’வும் புள்ளியுமாகிய இரு குறிகள், ‘கி’ என்பது ‘க’வும் இகரக் குறியுமாகிய இரண்டு. ஆகவே, ‘மாம்புரி’ என்னும் பெயர் நமக்கு நான்கெழுத்து. கணினிக்கு எட்டுக் குறிகள். யுடிஎஃப்-8 முறையிற் சேமிக்கும்போது குறி ஒன்றுக்கு மூன்று பைட்டாக 24 பைட்டு. முன்னர்க் காட்டிய எச்சரிக்கையிலும் கண்ணுக்கு 39 எழுத்து; கணினிக்கு 64 குறி. அறுபதில் வெட்டியமையால் இறுதி நான்கு குறிகள் வீழ்ந்தன.

இதனை அறிந்தபின் கொள்ள வேண்டிய முறைகள் ஐந்து.

முதலாவது, எண்ணும் முறை. ஸ்விஃப்ட் மொழியில் எழுத்துகளை எண்ணச் சொன்னால் ‘மாம்புரி’க்கு 4 என்றே விடை வரும். ஜாவா, கொட்லின், ஜாவாஸ்கிரிப்ட், டார்ட் ஆகியவற்றின் நீளக் கட்டளையோ 8 என்னும். இம்மொழிகளைக் கையாள்வோர் நீளக் கட்டளையை நம்பாது, எழுத்தெல்லை காட்டும் கருவிகளை நாடுதல் வேண்டும். ஜாவாவிலும் கொட்லினிலும் பிரேக் இட்டரேட்டர், ஜாவாஸ்கிரிப்டில் செக்மென்டர், டார்டில் கேரக்டர்ஸ் என்னும் தொகுதி ஆகியன அதற்குரியன. எனினும் ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ என்பவற்றை இவையும் இரண்டாகவே எண்ணும் என்பதை நினைவிற் கொள்க.

இரண்டாவது, வெட்டும் முறை. ‘மாம்புரி’யை மூன்றாம் குறியில் வெட்டினால் புள்ளி இழந்து ‘மாம’ ஆகும். பத்தாம் பைட்டில் வெட்டினாலோ ஈற்றில் ஒரு குறியே உடைந்து, திரையிற் கேள்விக்குறியோ பெட்டியோ தோன்றும். ஆகவே எழுத்தெல்லையிலன்றி வெட்டலாகாது. சொல்லெல்லையில் வெட்டுதல் அதனினும் நன்று. எச்சரிக்கையை வெட்டாதிருத்தலே எல்லாவற்றினும் சிறந்தது. செய்தியை எழுதுவோர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. “கடலுக்குச் செல்ல வேண்டாம்: மாலை 4 மணிக்குப்பின் காற்று வலுக்கும்” என விலக்கை முன்வைத்தால், வால் போயினும் உயிர் தப்பும்.

மூன்றாவது, குறுஞ்செய்தியின் அளவு. இணையம் எட்டாத இடத்தும் குறுஞ்செய்தி சென்று சேர்வதுண்டு. ஒரு குறுஞ்செய்தி 140 பைட்டுக் கொள்ளும். ஆங்கிலத்தில் அது 160 எழுத்தாகும். தமிழிலோ 70 குறிகளே. அதனை மிஞ்சினால் ஒவ்வொன்றும் 67 குறிகள் கொண்ட துண்டுகளாகப் பிரியும். ஆகவே இவ்விடத்து மட்டும் எழுத்தை எண்ணாது குறியையே எண்ணுக. நம் எச்சரிக்கை 64 குறியாதலால் ஒரே செய்தியில் அடங்கும். ‘மாம்புரி’ என்னும் ஊர்ப்பெயரை முன்னே சேர்த்தால் அடங்காது.

நான்காவது, தேடும் முறை. ‘கொடுவா’ என்னும் மீன்பெயரில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாகிய இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினியோ நேருக்கு நேர் ஒப்பிட்டு, வேறு வேறு என்று கூறி, உள்ள மீனை இல்லை என்றுவிடும். இதனைத் தவிர்க்க, சேமிக்குமுன்னும் தேடுமுன்னும் என்எஃப்சி என்னும் ஒரே வடிவுக்கு எல்லாச் சொற்களையும் மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

ஐந்தாவது, வரிசைப்படுத்தும் முறை. தமிழ் நெடுங்கணக்கு னகரத்தில் முடிவது. ஒருங்குறி எண்வரிசையிலோ னகரம் நகரத்தின் அடுத்து நிற்கும், வகரம் ழகரத்தின் பின் நிற்கும். வலை, வவ்வால், வழி, வள்ளம் என்பது அகராதி வரிசை. எண்வரிசைப்படி அடுக்கினால் வலை, வள்ளம், வழி, வவ்வால் என்றாகும். ஐசியு என்னும் நூலகத்தின் வரிசைக் கருவியைத் தமிழுக்கென அமைத்துப் பயன்படுத்தின் இக்குறை நீங்கும்.

இவை புதிய இடர்கள் அல்ல. கைத்தொலைபேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துருவே இல்லாத காலத்தில், மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வெளியிடப்பெற்று, கையடக்கக் கருவியில் தமிழில் எழுத வழி செய்தது. அன்று எழுத்தைத் திரையிற் காட்டுவதே பெரும்பணி. இன்று எழுத்துருவும் விசைப்பலகையும் கருவியோடு வருகின்றன. வந்த எழுத்தைச் சிதையாமற் காப்பது நம் பணி.

மாணவர் ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். தாம் இயற்றும் செயலி எதுவாயினும், மாம்புரி, கொடுவா, வவ்வால், வேண்டாம், ஸ்ரீ என்னும் ஐந்து சொற்களையும் அதில் இட்டு எண்ணுக, வெட்டுக, தேடுக, அடுக்குக. ‘வேண்டாம்’ என்பது எவ்விடத்தும் முழுமையாக நிற்கின்றதா என்று பார்த்தபின்னரே செயலியைப் பிறர் கையிற் கொடுக்க. அச்சொல்லை நம்பித் தோணியைக் கரையில் நிறுத்துவோர் நம் கரையில் உளர்.