சிறை உருவாக்கிய வழக்கறிஞர் – துர்காபாய் தேஷ்முக்

ஆழ்வார்பேட்டையிலிருந்து தெற்கே இராசா அண்ணாமலைபுரம் வழியாக அடையாறு செல்வோர், டாக்டர் துர்காபாய் தேஷ்முக் சாலை என்ற பெயர்ப் பலகையைக் காணலாம். அப்பெயருக்கு உரியவர் யார்? ஒரு மருத்துவமனையோடு மட்டும் தொடர்புடையவர் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவர் சென்னையில் வாதாடிய வழக்கறிஞர். இந்திய அரசியலமைப்பை உருவாக்கியவர்களுள் ஒருவர். அவர்தம் வாழ்வைச் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமை

துர்காபாய் 1909ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் ஆந்திரப் பகுதியில் இராஜமுந்திரியில் பிறந்தார். எட்டு வயதிலேயே அவருக்கு மணம் முடிக்கப்பட்டது. வயது வந்தபின், தாம் உணர்ந்து ஏற்காத அம்மணத்தில் வாழ மறுத்தார். அக்காலத்தில் ஒரு பெண் இவ்வாறு சொல்வது எளிதன்று. ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் ஆங்கிலக் கல்வியைப் புறக்கணித்த அவர், சிறுமியாக இருந்தபோதே பிற பெண்களுக்கு இந்தி கற்பிக்கும் பள்ளி ஒன்றை நடத்தினார்.

சிறையே பள்ளி

1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது துர்காபாய் சென்னையில் அதில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1933க்குள் மும்முறை சிறைப்பட்டார். மதுரைச் சிறையில் தனிமைக் கொட்டடியிலும் அடைக்கப்பட்டார்.

அங்கு அவர் கண்ட காட்சிகளே அவர் வாழ்வின் திசையை மாற்றின. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட பெண்கள் பலர் எழுத்தறியாதவர்கள். தம்மீது சுமத்தப்பட்ட குற்றம் என்ன, தாம் ஒப்புக்கொண்டது என்ன என்பதே அவர்களுக்கு விளங்கவில்லை. அவர்களுக்காகப் பேச எவரும் இல்லை. சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதுமா? அதை எடுத்துச் சொல்ல ஒரு நாவும் வேண்டும் அன்றோ? தாம் சட்டம் படிக்க வேண்டும் என்ற உறுதி அவருக்கு அங்கேதான் பிறந்தது.

ஆனால் சட்டக் கல்லூரிக்கு முன் மெட்ரிகுலேஷன் என்னும் படி இருந்தது. இருபது வயதைக் கடந்த நிலையில் அவர் அதற்குத் தனியே படித்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் வழியாகத் தேறினார். பின்னர் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் அரசியல் பயின்றார். இறுதியில் சென்னையில் சட்டம் கற்று, 1940களின் தொடக்கத்தில் வழக்கறிஞரானார். பெண் என்பதற்காக ஒருவரை வழக்கறிஞர் தொழிலிலிருந்து விலக்கக் கூடாது என்ற சட்டம் 1923இல்தான் வந்தது. அதற்குப் பின் இருபது ஆண்டுகளே கடந்திருந்த நிலையில் குற்றவியல் வழக்குகளில் அவர் பெயர் பெற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆந்திர மகிளா சபை

தாம் பட்ட இடரைப் பிற பெண்கள் படக் கூடாது என்பது அவர் எண்ணம். எனவே, தாம் மாணவியாக இருந்தபோதே, மயிலாப்பூரில் சில பெண்களை ஒன்றுசேர்த்து மெட்ரிகுலேஷன் தேர்வுக்குப் பயிற்றுவித்தார். இச்சிறு வகுப்பே 1937இல் ஆந்திர மகிளா சபையாக மலர்ந்தது. பிற்காலத்தில் அது பள்ளி, விடுதி, மருத்துவமனை எனக் கிளைத்தது.

அரசியல் நிர்ணய சபையில்

1946இல் சென்னை மாகாணத்தின் சார்பில் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சபையின் தலைவர் குழுவில் இடம்பெற்ற ஒரே பெண் அவரே. அவர்தம் சட்ட நுட்பத்திற்கு இரண்டு சான்றுகள் போதும்.

பொது இந்துக் கோயில்களை இந்துக்களில் 'எந்த ஒரு வகுப்புக்கும் அல்லது பிரிவுக்கும்' திறந்துவிடலாம் என்று வரைவு கூறியது. ஒரு பிரிவுக்குத் திறந்து மற்றொரு பிரிவை வெளியே நிறுத்த இச்சொற்கள் இடந்தரும். 'எல்லா வகுப்புகளுக்கும் பிரிவுகளுக்கும்' என்று மாற்ற வேண்டும் என 1948 டிசம்பரில் துர்காபாய் திருத்தம் கொண்டுவந்தார். இன்று 25ஆம் விதியில் இருப்பது இச்சொற்களே.

மாநிலங்களவை உறுப்பினருக்கு 35 என்று கருதப்பட்ட குறைந்த வயதை 30 ஆக்கும் திருத்தத்தையும் 1949இல் அவரே முன்மொழிந்தார். அறிவு வயதைப் பொறுத்ததன்று என்பது அவர் வாதம்.

மொழிச் சிக்கலில் அவர் இந்துஸ்தானியை ஆதரித்தார். தமிழகத்தில் பலர் இக்கருத்தை ஏற்கமாட்டார்கள். ஆயினும், வட நாட்டினர் காட்டிய அளவுமீறிய வேகம் தென்னாட்டு மக்களின் மனத்தைப் புண்படுத்துகிறது என்பதையும் அதே அவையில் அவர் அஞ்சாது எடுத்துரைத்தார்.

தோல்விக்குப் பின்

1952 பொதுத் தேர்தலில் அவர் தோல்வியுற்றார். ஆனால் பணி நிற்கவில்லை. திட்டக் குழுவின் உறுப்பினரானார். 1953இல் அமைக்கப்பட்ட மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானார். அவ்வாண்டே நிதியமைச்சர் சி. து. தேஷ்முக்கை மணந்தார். படிப்பை இடையில் விட்ட வயது வந்த பெண்கள் குறுகிய காலத்தில் தேர்வெழுதத் துணைசெய்யும் சுருக்கப் பயிற்சித் திட்டத்தை 1958இல் வாரியம் தொடங்கியது. மயிலாப்பூர் வகுப்பு நாடெங்கும் விரிந்ததே அது எனலாம்.

சீன நாட்டிற்குச் சென்று திரும்பியபின், குடும்ப வழக்குகளுக்கெனத் தனி நீதிமன்றம் வேண்டும் என வலியுறுத்தி வந்தார். 1975இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1981 மே 9ஆம் நாள் மறைந்தார். குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984இல் நிறைவேறியது. அதைக் காண அவர் இல்லை.

முடிவுரை

துர்காபாயின் வாழ்வில் நாம் கற்க வேண்டியது யாது? தாம் பெற்ற துன்பத்தை அவர் தம் துன்பமாக மட்டும் கருதவில்லை. பள்ளிப் படிப்பை இழந்தவர் பிறருக்கு வகுப்பு நடத்தினார். சிறையில் வாயற்றவர்களைக் கண்டவர் வழக்கறிஞரானார். இன்றும் சிற்றூர்களில் படிப்பை இடையில் நிறுத்திய பெண்கள் உள்ளனர். கையொப்பமிடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்றறியாத தாய்மார்கள் உள்ளனர். பட்டம் பெறும் நாம் ஒவ்வொருவரும் அவர்களுள் ஒருவருக்கேனும் ஒரு மனுவைப் படித்து விளக்கினால், ஒரு தேர்வுக்குத் துணைநின்றால், அதுவே அப்பெருமாட்டிக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.