விபத்து வழக்கறிஞரும் மாற்றுத்திறனாளர் சங்கமும்

சாலை விபத்து, கற்குவாரி விபத்து, சல்லிக்கட்டில் நேரும் காயம் ஆகியவை புதுக்கோட்டை மாவட்டத்தார் அறியாதவை அல்ல. கையையோ காலையோ இழந்தவர் முதலில் மருத்துவரை நாடுகிறார். அடுத்து வழக்கறிஞரை நாடுகிறார். இழப்பீடு பெற்றுத் தருவதோடு வழக்கறிஞரின் கடமை முடிந்துவிடுகிறது என்றே பலரும் எண்ணுகிறோம். ஆயினும், வழக்கறிஞர் சிலர் மாற்றுத்திறனாளிகளின் சங்கங்களிலும் சேர்ந்து தொண்டாற்றுகின்றனர். ஏன் சேர வேண்டும்? அதனால் யாருக்கு என்ன பயன்? சுருக்கமாகக் காண்போம்.

இழப்பை அளப்பது எப்படி?

சாலை விபத்தில் காயமுற்றவர் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோரலாம். அவருக்கு 60 விழுக்காடு ஊனம் என்று மருத்துவர் சான்றளிப்பதாகக் கொள்வோம். வருமான இழப்பும் 60 விழுக்காடுதானா? அப்படிக் கணக்கிடலாகாது என்று 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இடக்கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் பிழைப்பு முழுவதுமே போய்விடலாம். அரசு அலுவலக எழுத்தரானால் வேலை நீடிக்கலாம். ஊனம் ஒன்றே, இழப்போ வேறு.

இந்த வேறுபாட்டை நீதிபதிக்கு எடுத்துக்காட்ட வேண்டியவர் வழக்கறிஞரே. செயற்கைக் காலை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், சக்கர நாற்காலி வீட்டு வாசற்படியில் ஏறுமா, கணவரைக் கவனிக்க மனைவி கூலி வேலையை விட நேர்ந்ததா என்பனவற்றைச் சட்டப் புத்தகம் கூறாது. அவற்றை அனுபவித்தவர்கள் கூடும் இடம் சங்கம். செயற்கைக் காலின் விலையோடு அதைப் பழுது பார்க்கும் செலவையும் இழப்பீட்டில் சேர்த்து 2022இல் உச்ச நீதிமன்றம் முகமது சபீர் வழக்கில் தீர்ப்பளித்ததை இங்கு நினைவுகூரலாம்.

ஒருவர் வழக்கும் பலர் உரிமையும்

இழப்பீடு ஒருவருக்குக் கிடைப்பது. அதைப் பெற்றவர் வேலை தேடிச் செல்லும்போது சட்டம் வேறொரு வடிவில் தேவைப்படுகிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசுப் பணிகளில் 3 விழுக்காடு ஒதுக்கியது. ஆனால், சில பிரிவுப் பணிகளில், அவர்களுக்கு ஏற்றவை என அடையாளம் காணப்பட்ட பணியிடங்களை மட்டுமே வைத்து அது கணக்கிடப்பட்டு வந்தது. தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு இதை எதிர்த்து வழக்காடியது. அதற்காக வாதிட்ட மூத்த வழக்கறிஞர் எஸ். கே. ருங்டா தாமே பார்வையற்றவர். அக்கூட்டமைப்பின் பொதுச் செயலாளராகவும் இருந்தவர். மொத்தக் காலியிடங்களைக் கொண்டே கணக்கிட வேண்டும் என்று 8-10-2013 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக உயர்த்தியது. இது விபத்து வழக்கு அன்று. எனினும், விபத்தில் ஊனமுற்றோரும் இதன் பயனைப் பெறுகின்றனர். சங்கமும் சட்டமும் கைகோத்தால் விளையும் நன்மைக்கு இது சான்று.

தொண்டா, தொழிலா?

அமெரிக்காவில் விபத்து வழக்கறிஞர்கள் இழப்பீட்டில் ஒரு பங்கையே கட்டணமாகப் பெறுவது வழக்கம். நம் நாட்டிலோ, அவ்வாறு பங்கு பேசுவதையும், விளம்பரத்தாலோ தரகராலோ வழக்குப் பிடிப்பதையும் இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகள் தடுக்கின்றன. எனவே, கட்சிக்காரர் கிடைப்பார் என்பதற்காகவே சங்கத்தில் சேர்வது தொண்டாகாது.

உண்மைத் தொண்டரை அறிய வழியுண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, மாற்றுத்திறனாளிகள் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். தமக்கு வரவேண்டிய கட்டணம் போய்விடுமே என்று கருதாமல் இச்செய்தியைச் சங்கத்தாரிடம் சொல்பவர் எவரோ, அவரே உண்மைத் தொண்டர்.

நம்மில் சிலர் நாளை சட்டக் கல்லூரியில் சேரக்கூடும். அவர்கள் இதை மனத்திற் கொள்வார்களாக. ஏனையோருக்கும் பணி உண்டு. நம் ஊரில் காயமுற்று வீட்டோடு முடங்கியிருப்பவர் எவரேனும் இருந்தால், அவரை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிற்கு அழைத்துச் செல்வோம். மனு எழுதத் துணை நிற்போம். அதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை.