முகம் எடுக்க எனக்கு ஏன் பிலிம் வேண்டும்?

வடசென்னையின் காசிமேடு, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் உழைக்கிறவர்களின் முகங்களை எடுப்பதில்தான் எனக்கு ஈடுபாடு. கல்யாணம், காதுகுத்து எல்லாம் டிஜிட்டலில் எடுக்கிறேன். ஒருவரை உட்காரவைத்து அவர் முகத்தை மட்டும் எடுக்க வேண்டும் என்றால் பிலிமைத்தான் கையில் எடுக்கிறேன். இதில் இறங்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக என் அனுபவத்தை எழுதுகிறேன்.

காட்டுவதற்குத் திரை இல்லை

டிஜிட்டலில் ஒரு கிளிக் அடித்ததுமே, “இன்னா தம்பி, எப்டி வந்துக்குது? காட்டு” என்பார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் பார்த்த உடனே ஒருவர் தொப்பையை உள்ளிழுப்பார், இன்னொருவர் தலையைக் கோதுவார். அதற்குப் பிறகு இயல்பான முகம் கிடைக்காது. பிலிமில், “கழுவினாத்தாண்ணே தெரியும்” என்றதும் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

நான் வைத்திருப்பது யாஷிகா மேட் 124ஜி. 120 ரோல் போட்டால் 12 படம். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஃபோகஸ் வைத்த பிறகு, கேபிள் ரிலீஸைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றுவிடுவேன். என் முகத்தைக் கேமரா மறைக்காது. எதிரில் இருப்பவர் என்னைப் பார்த்தே பேசுவார்.

மீன்பிடித் துறைமுகத்தில் வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரை அப்படித்தான் எடுத்தேன். ஊசி ஓடிக்கொண்டே இருக்க, டீசல் விலையிலிருந்து மகள் கல்யாணம் வரை பேசினார். கிழிந்த இடத்தில் முடிச்சுப் போட்டார், நூலைப் பல்லால் கடித்து அறுத்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்போது அழுத்தினேன். அவருக்கு ஷட்டர் சத்தம்கூடக் கேட்கவில்லை.

கடலோர வெயிலும் கருத்த முகமும்

உச்சி வெயிலில் வெளுத்த வானம், வெள்ளைச் சட்டை, நெற்றியில் வேர்வை. டிஜிட்டலில் ஒளி அளவு மீறினால் அந்த வேர்வை வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும், அதை மீட்க வழியில்லை. நெகட்டிவ் பிலிம் கூடுதல் ஒளியை நன்றாகத் தாங்கும். குறைந்த ஒளியைத்தான் தாங்காது. அதனால் 400 வேகக் கருப்பு வெள்ளை பிலிமான இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் போட்டாலும் மீட்டரில் 200 என்று வைத்துக்கொள்கிறேன். முகத்தின் நிழல் பக்கத்தில்தான் அளவெடுப்பேன். கன்னத்தின் கருமையில் இருக்கும் ஏற்ற இறக்கம் எல்லாம் அப்போதுதான் நெகட்டிவில் பதியும்.

நிழலுக்கு இங்கே கிடைப்பது பெரும்பாலும் நீலத் தார்ப்பாய். அதற்கு அடியில் கலரில் எடுத்தால் முகமெல்லாம் நீலம் பாய்ந்துவிடும். கருப்பு வெள்ளைக்கு அந்தத் தொல்லை இல்லை. தார்ப்பாயின் ஓரத்தில் உட்காரவைத்தால் மென்மையான ஒளி கிடைக்கும்.

பிலிம் எப்போதுமே கருத்த தோலுக்கு நியாயம் செய்தது என்று சொல்ல மாட்டேன். கலர் பிரிண்டைச் சரிபார்க்கக் கோடாக் லேப்களுக்குக் கொடுத்த ‘ஷெர்லி கார்டு’களில் பல காலம் வெள்ளைக்காரப் பெண்களின் முகமே இருந்தது. நம் ஸ்டுடியோக்களிலும் நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்து சுருக்கத்தை மறைத்தார்கள். ஆனால் இன்று பல போன்கள் யாரையும் கேட்காமலேயே தோலை வழவழப்பாக்கி, நிறத்தைக் கூட்டிவிடுகின்றன. வெயிலிலும் உப்புக்காற்றிலும் காய்ந்த முகத்தை அப்படியே வைத்திருக்க விரும்புகிறேன். அதை மாற்றுவதாக இருந்தால், அந்த முடிவை நானும் படத்தில் இருப்பவரும் எடுக்க வேண்டும்.

நம் ஊரில் கழுவுவது

டெவலப்பருக்குப் புத்தகம் சொல்லும் வெப்பம் 20 டிகிரி. மே மாதத்தில் நம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டிவிடும். சூட்டில் கழுவினால் நேரத்தைக் குறைக்க வேண்டும்; ஐந்து நிமிடத்துக்கும் கீழே போனால் படம் சீராகக் கழுவப்படாது. எனவே டெவலப்பர், பிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாவற்றையும் ஐஸ் போட்ட பக்கெட்டில் வைத்து ஒரே வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் வேண்டாம், உப்புக் கறை படியும். கேன் தண்ணீரே நல்லது. ஃபிரிட்ஜில் வைத்த ரோலை எடுத்ததும் பிரிக்காதீர்கள். அறையின் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள், இல்லையென்றால் புழுக்கத்தில் ஈரம் கோத்துக்கொள்ளும். நெகட்டிவைச் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் போட்டு, வீட்டின் உயரமான இடத்தில் வையுங்கள். 2015-லும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வெள்ளம் பார்த்த பகுதி இது.

எங்கே பிலிம் வேண்டாம்

விடியுமுன் நடக்கும் மீன் ஏலத்துக்கு டிஜிட்டல்தான் சரி. மறுநாளே படம் வேண்டும் என்பவருக்கும் அதுதான். பிலிமுக்குச் செலவும் கூடுதல். 1960-ல் தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் நம் நாட்டிலேயே பிலிம் செய்து விற்றது. அது மூடிய பிறகு நமக்குக் கிடைப்பது இறக்குமதி ரோல்தான். ரோல், கழுவும் செலவு, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. அந்தச் செலவில் ஒரு பிரிண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முகத்தைக் கொடுத்தவருக்குப் படம் போய்ச் சேர வேண்டும். அதைக் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த முறை அந்தத் தெருவே உங்களை உள்ளே கூப்பிடும்.

உடனே பழைய கேமரா வாங்க ஓடாதீர்கள். கையில் இருக்கும் டிஜிட்டலிலேயே படம் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒரே லென்ஸ், ஒரு ஆள், மொத்தம் 12 படம் என்று வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அவரோடு உட்காருங்கள். எடுக்கிற நேரத்தைவிடப் பேசுகிற நேரம் அதிகமாகி, அது உங்களுக்குப் பிடித்தும் போனால் பிலிமுக்கு வாருங்கள். பிடிக்கவில்லை என்றால் டிஜிட்டலிலேயே நல்ல படம் எடுங்கள். எதில் எடுத்தாலும் எதிரில் இருப்பவருக்கு நேரம் கொடுங்கள்.